ஐந்து பூட்டுப் பெட்டியும் என் இடது ஷூவும்

மே 5, திங்கள்

பிரஷர் 164/98. மாத்திரை போட்டாயிற்று. காலையில் ரொட்டி, முட்டை. மதியம் ரொட்டி, கோழி. இரவு ரொட்டி மட்டும்.

இது ஜெனிற்றாவின் உத்தரவு. மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் என் ஒரே மகள், அங்கே நோயாளிகளை மிரட்டுவது போதாதென்று அப்பனையும் மிரட்டுகிறாள். “தெனமும் பிரஷர் பாக்கணும், டைரியில எழுதணும், என்ன சாப்பிட்டீங்கன்னும் எழுதணும், நான் லீவுக்கு வந்ததும் வாங்கிப் பாப்பேன்” என்று சொல்லி மெஷினையும் இந்த டைரியையும் என் பெட்டியில் திணித்துவிட்டாள். படித்துக்கொள் ஜெனிற்றா மக்களே. பி. இஞ்ஞாசி, வயது அறுபத்தெட்டு, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஃபோர்மேன், தக்கலை. உயிரோடுதான் இருக்கிறேன்.

இப்போது இருப்பது போர்ச்சுகல் நாட்டில். திருயாத்திரை என்று பெயர், நாற்பத்திரண்டு பேர், ஒரு பஸ். மேனேஜர் பெர்க்லின் என்ற பையன் காலை ஆறு மணிக்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்கிறான், நடுவில் கழிப்பறை எங்கே என்றும் சொல்கிறான். நாளை மலைமேல் நானூறு வருடப் பழைய மடம் ஒன்று. அங்கிருந்து ஸ்பெயின், லூர்து, திரும்பி வந்து 13ஆம் தேதி பாத்திமா, 15ஆம் தேதி லிஸ்பனிலிருந்து விமானம்.

உன் அம்மா இருந்திருந்தால் எல்லாவற்றையும் ரசித்திருப்பாள். அவள் இல்லாததால் நான் ரொட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

மே 6, செவ்வாய்

பிரஷர் 172/102. காரணம் கீழே.

புனித பெலாயு மடம். மலை உச்சியில் கருங்கல் கட்டடம், கோயிலும் அதோடு ஒட்டியே இருக்கிறது. நான்கு டிகிரி குளிர். பஸ்ஸிலேயே பெர்க்லின் மைக்கில் சொன்னான்: “யாரும் செருப்பு, ஷூ ஒண்ணும் கழத்தாண்டாம். இது நம்ம ஊரு இல்ல. கல்லுத் தரை, வெறச்சிருவீங்க.”

எனக்கு வந்ததே கோபம். கோயிலுக்குள் ஷூவோடு போவதா? குளிர் அடித்தால் சாமி சாமியில்லாமல் போய்விடுமா? மற்ற நாற்பத்தொரு பேரும் டக் டக்கென்று உள்ளே போனார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் நடுக்கோயிலில் முழந்தாளிட்டேன். உன் அம்மாவுக்காக ஒரு செபம் சொன்னேன். உனக்காக ஒன்று. பிரஷருக்காகப் பாதி.

திரும்பி வந்தால் ஷூ இல்லை. வெளிநாட்டுக்கு வந்துமா கோயில் வாசலில் செருப்புத் திருட்டு! “களவாணிப் பயலுவோ!” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கோபுரத்தில் மணி அடித்தது. உள்ளேயிருந்து வெள்ளை அங்கி போட்ட நான்கு சாமியார்கள் ஓடி வந்தார்கள். ஓடி என்றால் அந்த வயதில் முடிந்த ஓட்டம். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். இன்னொருவர் என் காலைப் பார்த்து அழுதார். மூன்றாமவர் வந்த வேகத்திலேயே ஒரு தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நான்காமவர் கொஞ்சம் கறுப்பாக, நம் ஆள் மாதிரி இருந்தார். என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: “அண்ணை, தமிழோ?”

“ஆமா. எம் ஷூ எங்கவே?”

“பெட்டிக்குள்ள போட்டாச்சு அண்ணை. நீங்கள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட உள்ள வந்து முழந்தாள் போட்டிட்டியள். இந்த மடத்துச் சட்டப்படி அது மடத்தில சேர விண்ணப்பம்.”

பெர்க்லின் ஒன்றரை மணி நேரம் கையைக் காலை ஆட்டிப் பேசிப் பார்த்தான். கடைசியில் என் பெட்டியை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்தான். “அங்கிள், பதினாலாந் தேதிதான் பெட்டிய தொறப்பாங்களாம். லிஸ்பனுக்கு காரு ஏற்பாடு பண்ணுகேன். பதினஞ்சு ஃபிளைட்ட விட்டுறாதீங்க.”

மக்களே, வேறு ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். 1994இல் கரண்ட் போஸ்டிலிருந்து விழுந்ததில் என் இடது கால் ஒன்றரை இஞ்ச் குட்டை என்பது உனக்குத் தெரியும். மேட்டுக்கடை வேதமாணிக்கம் அளவெடுத்து அடியை உயர்த்திக் கட்டிக் கொடுத்த அந்த இடது ஷூ இல்லாமல் என்னால் வீட்டுக்குள்தான் நடக்க முடியும், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. இந்த நாட்டில் எந்தக் கடையில் போய் அதைக் கேட்பேன்?

மே 7, புதன்

பிரஷர் 156/94. காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, நல்ல தேன்.

தமிழ் பேசுகிறவர் பெயர் பிரதர் சந்தியோகு. மன்னார்ப் பக்கம் பேசாலை. அறுபது வயது இருக்கும். அவர் தயவில் எல்லோரையும் தெரிந்துகொண்டேன். அழுதவர் மடத்து அதிபர் அன்செல்மு சாமி, எண்பத்தொன்று. கட்டிப்பிடித்தவர் கஸ்பார் சாமி, தொண்ணூறு, காது சுத்தமாகக் கேட்காது, மடத்துப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறார். தூணில் தூங்கியவர் பிரதர் பெந்து, வாயில்காப்பாளர். இருபத்துநாலு மணி நேரமும் தூங்குகிற மனிதர் நான் ஷூவைக் கழற்றிய அந்த ஐந்து நிமிடம் மட்டும் விழித்திருந்திருக்கிறார். என் நேரம்!

பெட்டியைக் காட்டினார்கள். தேக்கு மாதிரி ஒரு மரம், ஆள் நீளம், மேலே நம்மூர் காணிக்கைப் பெட்டிக்கு இருப்பதுபோல் ஒரு வாய், ஆனால் ஷூ போகிற அளவு. முன்பக்கம் ஐந்து பூட்டுகள். ஒவ்வொரு சாவியும் ஒவ்வொருவரிடம். நானூறு வருடம் முன்னால் சோற்றுக்காகச் சேர்ந்துவிட்டு விடியற்காலம் ஓடிப்போகிற ஆட்கள் தொல்லை பெரிதாக இருந்ததாம். ஸ்தாபகர் ஷூவைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார். இந்த மலையில் வெறுங்காலோடு ஓட முடியாது.

“அஞ்சு பேர் ஒத்துக்கொண்டாத்தான் ஒராள் ஓடலாம்” என்றார் சந்தியோகு.

“செத்துட்டா?”

“சப்பாத்தை எடுத்து, காலில போட்டுத்தான் புதைப்பம். தூரப் பயணமெல்லோ.”

அதிபர் சாமியின் இடுப்பில் ஒரு சாவிதான் தொங்கியது. “சாவி! சாவி!” என்று அவரிடம் சத்தம் போட்டேன். அவர் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம், உடனே புரிந்துகொண்டு, சாவியைத் தொட்டுக் காட்டி, சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையை ஆட்டினார். புரியாமலே இருந்திருக்கலாம்.

மே 8, வியாழன்

பிரஷர் 146/90. மதியம் கருவாட்டுக் குழம்பு!

இந்த நாட்டுக்காரர்களுக்குக் கருவாடு என்றால் உயிர். பெரிய பெரிய பாளமாக உப்புக் கருவாடு வைத்திருக்கிறார்கள். அதை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஊற வைத்து, தண்ணீரில் அவித்து, உருளைக்கிழங்கோடு வைத்து, எண்ணெயை ஊற்றித் தின்கிறார்கள். அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. என் பெட்டியில் நீ வைத்தனுப்பிய மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பிரிக்காமலே கிடந்தன. புளிக்குப் பதில் புளிப்பு ஆப்பிள் போட்டேன்.

சந்தியோகு அடுப்படியில் என் பக்கத்திலேயே நின்றார். குசினி என்கிறார் அதை. கொதி வந்ததும் அகப்பையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கோழிக்கூட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதிபர் சாமிக்கு வேர்த்து, கண்ணிலும் மூக்கிலும் வழிந்தது. செத்துப்போய்விடுவாரோ என்று பயந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிரதர் பெந்து ஒரு மணி நேரம் தூங்கவில்லை.

மே 9, வெள்ளி

பிரஷர் 134/86. மெஷின் குளிரில் கெட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் ஐந்து நாற்காலி. ஐந்தாவதில் என்னை உட்கார வைக்கிறார்கள். சாப்பிடும்போது பேசக்கூடாது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது, இப்போது பரவாயில்லை. தக்கலையில் நான் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவன். ஒரு ஆளுக்காக எதற்கு மேசையைத் துடைக்க வேண்டும்? இங்கே ஒருவர் ரொட்டியை நீட்டினால் அது அஞ்சு கை மாறி வருகிறது.

இன்றைக்கு அந்த நாற்காலியின் கதை தெரிந்தது. ஐந்தாவது சகோதரர் இரண்டு வருடம் முன்னால் இறந்துவிட்டார். ஒவ்வொரு மே 14ஆம் தேதியும் ஆயர் இல்லத்திலிருந்து ஒருவர் வந்து மடத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப்போவார். ஐந்துக்குக் குறைந்தால் மடத்தை மூடிவிட வேண்டும். போன வருடம் நான்குதான் இருந்தது, பாவம் பார்த்து ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். இந்த வருடமும் நான்கென்றால் கிழவர்கள் மூன்று பேரும் நகரத்தில் முதியோர் இல்லத்துக்கு. கட்டடம் விடுதியாகப் போகிறதாம்.

“எண்ணுறது ஆக்களை இல்லை அண்ணை. பெட்டியைத் திறந்து சப்பாத்தைத்தான் எண்ணுவினம். ஆக்கள் பொய் சொல்லுவினம், சப்பாத்துப் பொய் சொல்லாது எண்டு ஸ்தாபகர் எழுதி வச்சிருக்கிறார்.”

“ஆக, எம் ஷூவ எண்ணித்தான் நீங்க பொழைக்கணும்?”

“ஓம்.”

“நான் எடுத்துட்டுப் போயிட்டா?”

அவர் கோழிக்குத் தீனி போடப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நானா இவர்கள் மடத்தைக் கட்டினேன்? கோயிலுக்குள் மரியாதையாக நுழைந்தது ஒரு குற்றமா?

மே 10, சனி

பிரஷர் 130/84. மெஷின் கோளாறேதான்.

மே 11, ஞாயிறு

பிரஷர் 126/82. பூசை. ரொட்டி, தேன். மதியம் மீண்டும் கருவாடு, எல்லோரும் கேட்டதால்.

சந்தியோகுவிடம் கேட்டேன், நீர் எப்படி இங்கே வந்து மாட்டினீர் என்று. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். தொண்ணூறாம் வருடச் சண்டையில் வீட்டை விட்டு ஓடியவர். ஏஜென்ட் ஒருவன் லாரியின் பின்னால் பதினோரு பேரை ஏற்றி, நாடு நாடாகக் கடத்தி, ஒரு விடியற்காலம் இந்த மலையடிவாரத்தில் கதவைத் திறந்து, “லண்டன் வந்திட்டுது, இறங்குங்கோ” என்று இறக்கிவிட்டுப் போய்விட்டானாம்.

“மேல கோயில் தெரிஞ்சுது. உயிரோட வந்து சேந்ததுக்கு நன்றி சொல்லுவம் எண்டு ஏறி வந்தன். வாசல்ல ரப்பர்ச் செருப்பைக் கழட்டி வச்சிட்டு உள்ள போனன்.”

“அய்யய்யோ!”

“மணி அடிச்சுது. எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதினம். லண்டன்ல அகதிகளை இப்பிடித்தான் வரவேற்பினம் எண்டு நினைச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு கிழடுகளும் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு கேட்டேன், வருடா வருடம் பெட்டியைத் திறக்கிறார்களே, ஒரு வருடமாவது எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று.

“எடுக்கலாம். எடுத்துப் போட்டுக்கொண்டு எங்க போறது? பேசாலை வீட்டில ஒருத்தரும் மிஞ்சேல்லை. முப்பத்தஞ்சு வருசமா அந்தச் செருப்பு உள்ள கிடக்கிறதாலதான் எனக்கு இஞ்ச ஒரு இடம் இருக்கு.”

மூடிவிட்டால் இவருக்கு முதியோர் இல்லமும் கிடையாதாம், வயது போதாதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பிரஷர் மட்டும் ஏன் ஏறவில்லை என்று தெரியவில்லை.

இன்னொன்று. பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஐந்து பூட்டு போட்ட மகராசன் பின்பக்கக் கீல்களின் திருகாணிகளை வெளியே தெரிகிற மாதிரி அடித்திருக்கிறான். என் பெட்டியில் ஸ்குரூ டிரைவர் உண்டு. பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. பழைய சாமான், மரம் பிளந்துவிடும்.

மே 12, திங்கள்

பிரஷர் 122/80.

கோபுர மணிக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள், அது தோன்றிய நேரத்துக்கு அடிக்கிறது. போய்ப் பார்த்தால் நியூட்ரல் லூஸ். எந்தப் படுபாவி வயரிங் செய்தானோ! தொண்ணூற்றாறு படி, சுவரைப் பிடித்துப் பைய ஏறிப் போய்ச் சரிசெய்தேன். சாப்பாட்டு அறை விளக்கு, அடுப்படி ஃபேன், அதிபர் சாமியின் ரேடியோ எல்லாம் முடித்தேன். மூன்று நாள் வேலை பாக்கி இருக்கிறது.

பெர்க்லின் லூர்திலிருந்து போன் செய்தான். “அங்கிள், ஒரு வழி இருக்கு. காரு அனுப்புகேன், வீல்சேருல ஏத்தி பாத்திமாவுக்குக் கொண்டு போலாம். நாளைக்கு திருநாளு, விட்டுறாதீங்க. பதினாலு சாயங்காலம் திரும்ப வந்து ஷூ எடுத்துக்கிடலாம்.”

“கால் ரொம்ப வலிக்கி பெர்க்லின். ஒரு படி ஏற முடியல்ல” என்று சொன்னேன்.

மக்களே, இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே. வலி அப்போது இருந்தது.

மே 13, செவ்வாய்

பிரஷர் 158/94. மெஷின் சரியாகிவிட்டது போல.

இன்றைக்குப் பாத்திமா திருநாள். என் கூட்டம் அங்கே மெழுகுதிரி பிடித்து நிற்கும். நான் இங்கே ஒரு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். நாளைக்குப் பெட்டி திறக்கும். ஷூவை எடுத்தால் நான் வீட்டுக்குப் போகலாம், மடம் மூடும், சந்தியோகு தெருவில் நிற்பார். எடுக்காவிட்டால் மடம் பிழைக்கும், நான் இந்த மலையை விட்டு இறங்க முடியாது, விசா தீர்ந்ததும் போலீஸ் வந்து வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு போவார்கள். சாமியாராகச் சேர்ந்துவிடு என்றால், எனக்கு அந்த அழைப்பு இல்லை. வந்தது ஷூ திருட்டுதான், தேவ அழைத்தல் இல்லை. பீடத்தில் நின்று பொய் சொல்ல என்னால் முடியாது. அதோடு உன் அம்மாவின் கல்லறைக்கு மாதம் ஒரு தடவை யார் புல் செதுக்குவது?

அதிபர் சாமி சாப்பாட்டில் தன் பங்குத் தேனையும் என் தட்டில் ஊற்றிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மே 14, புதன்

காலையில் பிரஷர் 166/98. சாயங்காலம் 120/78. இரண்டையும் எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆயரின் ஆள் வந்தார். முப்பத்தைந்து வயதுக் குருவானவர், மொன்சிஞ்ஞோர் என்று பட்டம், கையில் டேப்லெட், காலில் பளபளவென்று ஷூ. நான் வைத்த கருவாட்டுக் குழம்பை முதலில் கொடுத்துப் பார்ப்போம் என்றார் அதிபர். அது தவறான யோசனை. மனிதர் ஒரு கவளத்தில் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்து, இரண்டு குடம் தண்ணீர் குடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டேதான் பெட்டியறைக்கு வந்தார்.

நான்கு பேரும் தங்கள் சாவியைப் போட்டார்கள். ஆள் இல்லாததால் ஆயர் இல்லத்தில் இருந்த ஐந்தாவது சாவியை மொன்சிஞ்ஞோர் போட்டார். மூடி திறந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்கள். அதிபரின் கறுப்பு ஷூ, கல்யாண மாப்பிள்ளை போடுவது மாதிரி. கஸ்பார் சாமியின் பட்டாளத்து பூட்ஸ். பிரதர் பெந்துவின் துணி ஷூ. சந்தியோகுவின் நீல வார் ரப்பர் செருப்பு, ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கடைசியாக என்னுடையது.

“ஐந்து ஜோடி” என்று டேப்லெட்டில் குத்தப்போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சந்தியோகு தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“நீங்கள் இந்த மடத்து ஆளோ எண்டு கேக்கிறார் அண்ணை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரதர் பெந்துகூட விழித்திருந்தார்.

“சந்தியோகு, நான் சொல்லுகத அப்பிடியே சொல்லும், கூட்டாண்டாம் குறைக்காண்டாம். நான் சாமியாரு இல்ல. நாளைக்கு எனக்கு ஃபிளைட்டு. எனக்கு இந்த இடது ஷூ வேணும், இது இல்லாம எனக்கு நடக்க முடியாது. ஆனா வலது காலுக்கு எந்தச் செருப்பும் போதும், பாத்துக்கிடும். அதனால வலது ஷூ இங்கயே கெடக்கட்டும். அது உங்க மடத்துலதான் சேந்திருக்கு.”

சொல்லிவிட்டு இடது ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வலதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

சந்தியோகு மொழிபெயர்க்க வெகுநேரம் ஆயிற்று. மொன்சிஞ்ஞோர் கேட்டு முடித்து, மூக்கைச் சிந்தி, தலையை ஆட்டினார். ஒற்றை ஷூ ஜோடி ஆகாது. நாலரை என்று எழுத அந்த டேப்லெட்டில் இடமில்லையாம்.

அப்போது கஸ்பார் சாமி எழுந்து போனார். காது கேட்காதவர், ஒரு வார்த்தைகூட அவருக்குப் போயிருக்காது. ஆனால் நான் ஒற்றை ஷூவை உள்ளே வைத்ததைப் பார்த்திருக்கிறார். எலி கடித்த தோல் பைண்டு புத்தகம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, பக்கத்தைத் திறந்து, ஆயரின் ஆளுடைய மூக்கின் கீழே பிடித்தார். விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

சந்தியோகு எட்டிப் பார்த்து எனக்குச் சொன்னார். 1651ஆம் வருடம். துவார்த்தே என்ற சிப்பாய், போரில் ஒரு கால் போனவன், இந்த மடத்தில் சேர்ந்தான். பெட்டியில் போட அவனிடம் இருந்தது ஒற்றை பூட்ஸ். அது ஒரு ஆள் என்று அன்றைய ஆயரே எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதினொரு வருடம் அப்படியே எண்ணியிருக்கிறார்கள்.

மொன்சிஞ்ஞோர் விடவில்லை. அவன் மடத்தில் வசித்தான், இவர் வசிக்கப் போவதில்லையே என்றார். கஸ்பார் சாமி அதையும் கேட்கவில்லை, தன்பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பதினொரு வருடத்தில் ஒன்பது வருடம் துவார்த்தே மடத்திலேயே இல்லை. தானம் கேட்டு ஊர் ஊராகப் போயிருந்தான். பூட்ஸ் மட்டும் இருந்தது, எண்ணினார்கள்.

மொன்சிஞ்ஞோர் புத்தகத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், குழம்புச் சட்டி இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ‘5’ என்று குத்தினார்.

ஐந்தாவது சாவியை என் கையில் கொடுத்தார். சட்டப்படி அது ஐந்தாவது ஷூவின் சொந்தக்காரனுக்குத்தானாம். அதிபர் சாமி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், கண்ணீரெல்லாம் என் சட்டையில். சந்தியோகு என்னைத் தொடவில்லை. தன் ரப்பர் செருப்பை எடுத்து, தூசி துடைத்து, என் வலது ஷூவுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்து மூடியை இறக்கினார்.

கார் வந்துவிட்டது. இடது காலில் வேதமாணிக்கத்தின் ஷூ, வலது காலில் யாரோ யாத்திரைக்காரர் அடுப்படி வாசலில் விட்டுப்போன பழைய தோல் செருப்பு. டிரைவர் என் காலையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினான்.

மே 17, சனி

பிரஷர் 160/96. தக்கலை. இட்லி, நின்றுகொண்டு.

ஏர்போர்ட்டில் சோதனை வாசல் மூன்று தடவை கத்தியது. பாக்கெட்டில் அரைக் கிலோ இரும்புச் சாவி. மடத்திலேயே வைத்துவிட்டு வர மறந்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிரஷர் கடைசியில் எழுதுகிறேன்.

மேட்டுக்கடைக்குப் போய் வேதமாணிக்கத்திடம் வலது காலுக்கு ஒரு ஷூ தைக்கச் சொன்னேன். மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“வலது மட்டுமா? அது சாதாரண ஷூதான ஓய், ஜோடியாட்டு தைச்சுத் தந்தேனே. அது எங்க?”

“அது வெளிநாட்டுல வேலை பாக்குது.”

“என்னது?”

“சாமியாராட்டு.”

மனிதர் என் மகளின் போன் நம்பரைக் கேட்டார். கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். மேலே கிடந்த பழைய பேப்பரையெல்லாம் கட்டி எடுத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவும்போது போன் வந்தது. சந்தியோகு.

“அண்ணை, சுகமோ? எல்லாரும் கேட்டதாச் சொல்லச் சொன்னவை. மணி நேரத்துக்கு அடிக்குது. ஒரு விசயம் கேக்க வேணும். அஞ்சாவது சாவி உங்களிட்டயோ இருக்கு?”

“இருக்கு. மறந்து கொண்டாந்துட்டேன்.”

“அது இல்லாமல் வாற மே மாசம் பெட்டியைத் திறக்கேலாது.”

“தெரியும். பார்சல்ல போடட்டா?”

அந்தப் பக்கம் கோழிகள் மட்டும் கேட்டன.

“வேண்டாம் அண்ணை” என்றார். “பார்சல் துலைஞ்சு போகும்.”

“ஆமா. நம்ப முடியாது. நானே கொண்டு வாறேன்.”

பிரஷர் 118/76. இந்த மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்து வேறொன்று வாங்க வேண்டும், மக்களே. இது சுத்தமாகக் கெட்டுவிட்டது.